120 மணி நேரம்

பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே கல்லூரிக் கணக்கில் கிரெடிட் சேர்ப்பது அமெரிக்காவில் வாழும் நம் குடும்பங்களில் இன்று சாதாரணப் பேச்சு. மகள் எத்தனை ஏ.பி. பாடம் எடுக்கிறாள், எத்தனையில் 5 வாங்கினாள், எந்தப் பல்கலைக்கழகம் எதை ஏற்கும், எத்தனை மாதக் கட்டணம் மிச்சமாகும் என்று கோயில் மண்டபத்திலும் பிறந்தநாள் விருந்திலும் கணக்குப் போடுகிறோம். இந்தக் கணக்குக்கு அடியில் உள்ள அலகு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் குறைவு. அது பேராசிரியர்களின் ஓய்வூதியத்திலிருந்து வந்தது.

எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி, கார்னெல் பல்கலைக்கழகத்தின் அறங்காவலர்களில் ஒருவராக இருந்தார். பேராசிரியர்கள் எவ்வளவு குறைந்த சம்பளத்தில் காலம் தள்ளுகிறார்கள் என்பதை அங்கேதான் கண்டார். முதுமைக்கென்று எதையும் சேர்த்துவைக்க அவர்களால் முடியாது என்பதும் அவருக்குப் புரிந்தது. 1905-இல் ஒரு கோடி டாலர் கொடுத்துக் கல்லூரி ஆசிரியர்களுக்கான ஓய்வூதிய நிதி ஒன்றைத் தொடங்கினார். நிதியை நடத்த வந்தவர் ஹென்றி பிரிட்செட். அவர் முன்னால் உடனே ஒரு கேள்வி வந்து நின்றது: கல்லூரி என்றால் எது?

கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அன்றைய அமெரிக்காவில் கல்லூரி என்று பெயர்ப்பலகை மாட்டியிருந்த பல இடங்களில் உயர்நிலைப் பள்ளிப் பாடம்தான் நடந்தது. சில உயர்நிலைப் பள்ளிகளிலோ கல்லூரிப் பாடம் நடந்தது. இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901-இல் உயர்நிலைப் பள்ளி ஒன்று, படிப்பை முடித்த தன் மாணவர் ஆறு பேரை அங்கேயே வைத்துக் கல்லூரியின் முதலிரண்டு ஆண்டுப் பாடங்களைக் கற்பிக்கத் தொடங்கியது. சிக்காகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரின் ஆதரவு அதற்கு இருந்தது. அமெரிக்காவின் முதல் பொது ஜூனியர் கல்லூரி என்று இன்று சொல்லப்படுவது இப்படி ஒரு பள்ளிக் கட்டடத்துக்குள்தான் பிறந்தது.

ஓய்வூதியம் கொடுப்பவருக்கு இந்தக் கலப்பு ஒத்துவராது. யாருக்குக் கொடுப்பது என்று அவர் முடிவு செய்தாக வேண்டும். ஆகவே கார்னகி அறக்கட்டளை 1906-இல் விதி வகுத்தது. முழுநேரப் பேராசிரியர்கள் ஆறு பேராவது இருக்க வேண்டும். நான்காண்டுப் படிப்பு இருக்க வேண்டும். சேரும் மாணவர் நான்காண்டு உயர்நிலைப் பள்ளி முடித்திருக்க வேண்டும். அந்த நான்காண்டை எப்படி அளப்பது? ஒரு பாடத்தில் ஓராண்டில் 120 மணி நேரம் இருந்து படித்தால் ஓர் அலகு. பதினான்கு அலகு சேர்ந்தால் கல்லூரிக்குத் தகுதி. ஓய்வூதியம் வேண்டிய கல்லூரிகள் விதியை ஏற்றன. கல்லூரிக்குப் பிள்ளைகளை அனுப்ப விரும்பிய பள்ளிகளும் பின்தொடர்ந்தன. கல்லூரிக்குள்ளும் இதே மணிக்கணக்கு நிலைத்தது.

மாணவனுக்கு என்ன தெரியும் என்பதை இந்த அலகு அளக்கவில்லை. அவன் எவ்வளவு நேரம் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தான் என்பதை மட்டுமே அளந்தது. பள்ளி இங்கே முடிகிறது, கல்லூரி இங்கே தொடங்குகிறது என்று நாடு முழுவதற்கும் ஒரு சுவர் எழும்பியது. நேரத்தால் கட்டிய சுவர்.

இப்படிப்பட்ட சுவர்கள் இடம் மாறுவதைத் தமிழர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் எழுபதுகளின் இறுதிவரை பதினோராம் வகுப்போடு பள்ளி முடிந்தது. அடுத்த ஓராண்டு பி.யூ.சி. கல்லூரியில். 1978-இல் பிளஸ் டூ வந்ததும், அண்ணன் கல்லூரியில் படித்ததைத் தம்பி பள்ளியில் படித்தான். ஒன்ராறியோவில் உயர்நிலைப் பள்ளியின் ஐந்தாம் ஆண்டாக இருந்த ஓ.ஏ.சி. 2003-இல் நின்றது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களும் ஓ.ஏ.சி. முடித்தவர்களும் அந்த ஆண்டு ஒன்றாகப் பல்கலைக்கழக வாசலில் நின்றார்கள். பாடம் எங்கே முடிய வேண்டும் என்று பாடமே சொல்வதில்லை. அலுவலகம் ஒன்று சொல்கிறது.

*

அமெரிக்கச் சுவரில் முதல் பெரிய துளையைப் போட்டது போர். 1950-இல் கொரியப் போர் தொடங்கியது. பதினெட்டு வயதில் இளைஞர்கள் படைக்கு அழைக்கப்படும் நிலை. அதற்குள் அவர்களுக்குக் கொஞ்சம் கல்லூரிப் படிப்பாவது கொடுத்துவிட வேண்டும் என்று சிலர் நினைத்தார்கள். ஃபோர்டு அறக்கட்டளை 1951-இல் உருவாக்கிய கல்வி முன்னேற்ற நிதியம் பணம் கொடுக்க, பதினாறு வயதை ஒட்டிய பையன்களை, பள்ளி முடிக்காமலேயே, சிக்காகோ, கொலம்பியா, யேல், விஸ்கான்சின் பல்கலைக்கழகங்கள் சேர்த்துக்கொண்டன. பிறகு வேறு சில கல்லூரிகளும் சேர்ந்தன. கறுப்பின மாணவர்களுக்கான ஃபிஸ்க், மோர்ஹவுஸ் கல்லூரிகள் அவற்றில் இரண்டு. மோர்ஹவுஸுக்கு இது புதிதுமல்ல. இரண்டாம் உலகப்போரில் மாணவர் எண்ணிக்கை குறைந்தபோதே, பள்ளி முடிக்காதவர்களை நுழைவுத் தேர்வு வைத்து அது எடுத்திருந்தது. அப்படி 1944-இல் பதினைந்து வயதில் உள்ளே போனவர் மார்ட்டின் லூதர் கிங்.

இந்த ஏற்பாட்டை உயர்நிலைப் பள்ளிகள் விரும்பவில்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைக் கல்லூரி முன்கூட்டியே அள்ளிக்கொண்டு போனால் பள்ளியில் யார் மிஞ்சுவார்கள்? பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புவதற்குப் பதிலாகக் கல்லூரியைப் பிள்ளை இருக்கும் இடத்துக்குக் கொண்டுவர முடியாதா என்ற யோசனை எழுந்தது.

அதே நிதியத்தின் பணத்தில் இரண்டு முயற்சிகள் நடந்தன. ஆண்டோவர், எக்ஸிட்டர், லாரன்ஸ்வில் என்ற மூன்று பணக்காரத் தனியார் பள்ளிகளும் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் கூடி ஆராய்ந்து 1952-இல் அறிக்கை வெளியிட்டன. நல்ல பள்ளியிலிருந்து வரும் மாணவன் கல்லூரியின் தொடக்க ஆண்டுகளில் ஏற்கெனவே படித்ததையே திரும்பப் படித்து அலுத்துப்போகிறான் என்பது அதன் சாரம். இன்னொரு பக்கம், ஒஹாயோவில் உள்ள கென்யன் கல்லூரியின் தலைவர் கோர்டன் கீத் சாமர்ஸ் பன்னிரண்டு கல்லூரிகளை ஒன்றுசேர்த்தார். எம்.ஐ.டி., பிரவுன், ஓபர்லின் ஆகியவை அவற்றில் அடங்கும். கல்லூரி முதலாண்டுப் பாடம் என்றால் ஒவ்வொரு துறையிலும் என்ன என்பதைப் பள்ளி ஆசிரியர்களும் பேராசிரியர்களும் உட்கார்ந்து எழுதினார்கள். அதைப் பள்ளியில் படித்துத் தேர்வில் காட்டினால் கல்லூரி ஏற்றுக்கொள்ளும்.

இந்தத் திட்டத்தைக் காலேஜ் போர்டு ஏற்றெடுத்து அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் என்று பெயர் வைத்தது. அதுதான் ஏ.பி. 1956 மே மாதம் நடந்த முதல் தேர்வை 104 பள்ளிகளைச் சேர்ந்த 1,229 மாணவர்கள் எழுதினார்கள். அடுத்த ஆண்டு ஸ்புட்னிக் வானத்தில் ஏறியதும், கெட்டிக்காரப் பிள்ளைகளை வேகமாகப் படிக்கவைக்க வேண்டும் என்ற பதற்றம் நாட்டைப் பிடித்தது. ஏ.பி.க்கு அது நல்ல காற்று.

இந்த ஏற்பாட்டில் புரட்சிகரமான ஒன்று இருந்தது. 120 மணி நேரம் உட்கார்ந்தாயா என்று அது கேட்கவில்லை. தெரியுமா என்று மட்டும் கேட்டது. இருந்து படித்த மணியைப் பாராமல் தேர்வை மட்டும் பார்க்கும் வழக்கம் நம் வரலாற்றிலும் உண்டு. அமெரிக்க மிஷனரிமார் 1823-இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்கள் சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தபோது அது பாடம் நடத்தும் இடமல்ல; தேர்வு வைக்கும் அமைப்பு. அதன் வகுப்பறை எதிலும் உட்காராத இவ்விருவரும் அதன் முதல் பட்டதாரிகள் ஆனார்கள். செமினரியில் கற்றது போதுமானதாக இருந்தது.

*

ஏ.பி. முதலில் யாருக்காக வந்தது என்பதை அந்த மூன்று தனியார் பள்ளிகளின் பெயரே சொல்லிவிடும். வேறு ஆட்கள் அதற்குள் நுழைந்த கதையைச் சொல்ல கிழக்கு லாஸ் ஏஞ்சலஸுக்குப் போக வேண்டும்.

ஜெய்மி எஸ்கலான்டே பொலிவியாவில் நல்ல பெயரெடுத்த கணித, இயற்பியல் ஆசிரியர். அறுபதுகளில் அமெரிக்கா வந்தபோது அவருடைய பொலிவியச் சான்றிதழ்களுக்கு இங்கே மதிப்பில்லை. உணவகத்தில் தரை துடைத்தார், சமைத்தார். இரவில் ஆங்கிலம் படித்தார். பசடினாவின் சமுதாயக் கல்லூரியில் தொடங்கி, மறுபடியும் பட்டம் வாங்கினார். இந்தக் கதை நம்மில் பலருக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியராக இருந்துவிட்டு ஸ்காபரோவில் தொழிற்சாலை இரவு வேலைக்குப் போனவர்களை நமக்குத் தெரியும். கொண்டுவந்த கிரெடிட் செல்லாமல் போவது என்றால் என்ன என்பதை எஸ்கலான்டே தன் உடம்பால் அறிந்தவர்.

1974-இல் கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். மாணவர்களில் பெரும்பாலோர் மெக்சிக்க வம்சாவளி உழைப்பாளிகளின் பிள்ளைகள். அங்கே கால்குலஸ் ஏ.பி. வகுப்பு ஒன்றை மெல்ல மெல்லக் கட்டினார். 1982-இல் அவருடைய மாணவர் பதினெட்டுப் பேர் தேறினார்கள். தேர்வை நடத்திய இ.டி.எஸ். நிறுவனம் அவர்களில் பதினான்கு பேரின் விடைகளில் ஒரேமாதிரியான தவறுகள் இருப்பதாகச் சந்தேகப்பட்டது. பன்னிரண்டு பேர் மீண்டும் எழுதினார்கள். பன்னிரண்டு பேரும் தேறினார்கள். இதே தவறுகள் பணக்காரப் பள்ளி ஒன்றிலிருந்து வந்திருந்தால் சந்தேகம் எழுந்திருக்குமா என்று அன்று கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள்.

1988-இல் வந்த ‘ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்’ திரைப்படம் இதை ஓராண்டு அற்புதம்போலக் காட்டியது. உண்மையில் அது பல ஆண்டு உழைப்பு. கீழ்வகுப்பிலேயே அல்ஜீப்ராவைச் சரிசெய்தார்கள். கோடை விடுமுறையில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் சமுதாயக் கல்லூரியில் வகுப்பு வைத்தார்கள். துணை நின்ற தலைமையாசிரியரும் சக ஆசிரியர்களும் இருந்தார்கள். படத்தில் தெரியாமல்போன இந்தப் படிகள்தான் கதையின் உயிர். தேர்வு எல்லோருக்கும் பொது. அதற்குப் போய்ச் சேரும் பாதை பொது அல்ல.

1999-இல் கலிபோர்னியாவில் இது வழக்காகவே வந்தது. இங்கிள்வுட் பள்ளி மாணவர்கள் சார்பில் மாநிலத்தின்மீது தொடரப்பட்ட வழக்கு அது. தங்கள் பள்ளியில் விரல்விட்டு எண்ணும் ஏ.பி. வகுப்புகள்தான் உண்டு, பெவர்லி ஹில்ஸிலோ பத்துக்கு மேற்பட்ட பாடங்களில் உண்டு என்றார்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் சேர்க்கையின்போது ஏ.பி. வகுப்பில் வாங்கிய தரத்துக்குக் கூடுதலாக ஒரு புள்ளி சேர்க்கும். வகுப்பே இல்லாத பள்ளியில் படிப்பவர் அந்தப் புள்ளிக்கு எங்கே போவார்?

*

இரண்டாவது பாதை ஒன்றும் அமைதியாக வளர்ந்துகொண்டிருந்தது. ஏ.பி. பிறந்த அதே காலத்தில், 1955-இல், கனெக்டிகட் பல்கலைக்கழகம் தன் பாடங்களைப் பள்ளி ஆசிரியர்களைக்கொண்டே பள்ளியில் நடத்தி நேரடியாகக் கிரெடிட் கொடுத்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் சிரக்யூஸ் பல்கலைக்கழகமும் இதைச் செய்தது. மே மாதத்து ஒற்றைத் தேர்வு இதில் இல்லை. ஆண்டு முழுதும் செய்த வேலைக்கு மதிப்பெண். அது கல்லூரியின் பதிவேட்டில் ஏறும். இதற்கு இரட்டைச் சேர்க்கை என்று பெயர் வந்தது.

இதை ஓர் உரிமையாக மாற்றியது மினசோட்டா மாநிலம். அங்கே ஆளுநராக இருந்த ரூடி பெர்பிச், குரோவேஷியாவிலிருந்து வந்து இரும்புச் சுரங்கத்தில் வேலை செய்தவரின் மகன். பள்ளிக்குப் போகும்வரை அவருக்கு ஆங்கிலம் தெரியாது. சுரங்க ஊரான ஹிப்பிங்கின் ஜூனியர் கல்லூரியில் படித்துப் பல்மருத்துவரானவர். அவருடைய ஆட்சியில் 1985-இல் வந்த சட்டப்படி, பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் கல்லூரிக்குப் போய்ப் பாடம் எடுக்கலாம். கட்டணத்தையும் புத்தகச் செலவையும் மாநிலம் ஏற்கும். பள்ளிக்குப் போக வேண்டிய பணத்தில் ஒரு பங்கு மாணவனோடு கல்லூரிக்குப் போனதால் பள்ளிகள் எதிர்த்தன. சட்டம் நிலைத்தது, மற்ற மாநிலங்களும் தங்கள் வழியில் பின்பற்றின.

இன்று இந்தப் பாதைதான் வேகமாக அகலமாகிறது. 2022-23 கல்வியாண்டில் ஏறத்தாழ 25 லட்சம் பள்ளி மாணவர்கள் இரட்டைச் சேர்க்கையில் ஒரு பாடமாவது படித்தார்கள். சமுதாயக் கல்லூரி மாணவர்களில் ஐந்தில் ஒருவர் இன்னும் பள்ளியில் படிப்பவர். நம் வீடுகளில் இதற்கு ஏ.பி. அளவுக்கு மதிப்பில்லை. சமுதாயக் கல்லூரி என்றதும் முகம் சுளிக்கிறோம். சுருக்கமாகச் சொன்னால், ஏ.பி. முகம் தெரியாத தேர்வாளரை நம்புகிறது. இரட்டைச் சேர்க்கை முகம் தெரிந்த ஆசிரியரை நம்புகிறது. ஊரில் தேர்வே விதியாக இருந்த சமூகத்திலிருந்து வந்த நாம் முதலாவதையே நம்புவதில் வியப்பில்லை. ஆனால் மாநிலப் பல்கலைக்கழகத்தில் படிக்கப்போகும் பிள்ளைக்கு இரண்டாவது பாதையில் கிடைக்கும் கிரெடிட் பல இடங்களில் அதைவிட உறுதியானது. ஒரு காலை வேளையில் காய்ச்சல் வந்தால் அது கைநழுவிப் போவதில்லை.

*

2019-இல் 28 லட்சம் மாணவர்கள் 50 லட்சத்துக்கு மேற்பட்ட ஏ.பி. தேர்வுகளை எழுதினார்கள். 1,229 பேரில் தொடங்கியது இது. அவற்றில் ஐந்தில் இரண்டு பங்குக்கு 3-க்குக் குறைவான மதிப்பெண். அதாவது பெரும்பாலும் கிரெடிட் இல்லை. ஒரு தேர்வுக்குக் கட்டணம் நூறு டாலரை ஒட்டிவிட்டது.

எண்ணிக்கை பெருகப் பெருக, தொடங்கிவைத்தவர்கள் விலகத் தொடங்கினார்கள். ஏ.பி. மதிப்பெண்ணுக்கு இனிக் கிரெடிட் இல்லை என்று டார்ட்மத் கல்லூரி 2013-இல் அறிவித்தது. வாஷிங்டன் நகரை ஒட்டிய எட்டுத் தனியார் பள்ளிகள், ஏ.பி. வகுப்புகளையே கைவிடப்போவதாக 2018-இல் சொன்னன. எங்கள் பாடங்கள் அதைவிட ஆழமானவை என்பது அவர்கள் வாதம். வாதத்தில் உண்மை இருக்கலாம். கார்ஃபீல்டு பிள்ளைகள் ஏணியில் ஏறிவந்த பிறகு, மேலே நின்றவர்கள் ஏணி தேவையில்லை என்கிறார்கள் என்பதும் உண்மை.

இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. தெரிந்ததையே திரும்பப் படித்துக் காலத்தை வீணாக்க வேண்டாம் என்பதற்காகப் பிறந்தது ஏ.பி. இன்று நம் பிள்ளைகள் பத்து, பன்னிரண்டு ஏ.பி. எடுப்பது காலத்தை மிச்சப்படுத்த அன்று. சேர்க்கை அதிகாரியின் மேசையில் பட்டியல் நீளமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. சேர்ந்த பிறகு அந்தக் கிரெடிட்டைக் கல்லூரி ஏற்பதில்லை, அல்லது ஏற்றாலும் பிள்ளை நான்காண்டு முழுதும் இருக்கிறது. நேரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த ஏற்பாடு நேரத்தைத் தின்கிறது.

*

இந்த வரலாற்றில் நமக்கு நேரடியாக வேண்டிய ஓர் அத்தியாயம் மொழிகளைப் பற்றியது. 2003-இல் காலேஜ் போர்டு இத்தாலியன், சீனம், ஜப்பானியம், ரஷ்யன் ஆகிய நான்கு மொழிகளில் ஏ.பி. கொண்டுவருவதாக அறிவித்தது. இத்தாலியத் தேர்வு 2006-இலும் சீன, ஜப்பானியத் தேர்வுகள் 2007-இலும் தொடங்கின. ரஷ்யன் வரவில்லை. எழுதுபவர்கள் போதவில்லை, பணமும் போதவில்லை என்று 2009-உடன் இத்தாலியத் தேர்வு நிறுத்தப்பட்டது. இத்தாலிய வம்சாவளிச் சங்கங்களும் இத்தாலிய அரசும் பணம் திரட்டின. பள்ளி பள்ளியாகப் போய் மாணவர் சேர்த்தார்கள். 2012 மே மாதம் தேர்வு திரும்பி வந்தது. எந்த மொழிக்குக் கிரெடிட் உண்டு என்பதை அந்த மொழியின் பழமையோ இலக்கியமோ தீர்மானிக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். தாந்தேயின் மொழிக்கே அந்த நிலை.

ஏ.பி. பட்டியலில் தமிழ் இல்லை. இந்திய மொழி எதுவும் இல்லை. ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. வார இறுதித் தமிழ்ப்பள்ளிப் படிப்புக்கு அமெரிக்காவின் சில பள்ளி மாவட்டங்கள் உயர்நிலைப் பள்ளிக் கிரெடிட் கொடுக்கின்றன. ஒன்ராறியோவில் தமிழ் கிரெடிட் வகுப்புகள் நடக்கின்றன. 2011-இல் கலிபோர்னியா தொடங்கிவைத்த இருமொழித் தேர்ச்சி முத்திரையைத் தமிழில் பெறும் பிள்ளைகள் உண்டு. இவற்றுக்குப் பின்னால் சம்பளமில்லாமல் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் இவை பள்ளி அளவில் நிற்கின்றன. சுவரைத் தாண்டிக் கல்லூரிக் கிரெடிட்டாக மாற, தமிழ் கற்பிக்கும் பல்கலைக்கழகம் ஒன்றில் சேரும் அதிர்ஷ்டமும் அங்கே ஒரு நிலைத்தேர்வும் வேண்டும்.

ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் திரட்டினோம். டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத் தமிழ் இருக்கைக்கு 30 லட்சம் டாலர் திரட்டினோம். பெருமைப்படத்தக்க வேலை. இருக்கை மேலே இருக்கிறது. அதற்குப் போகும் படிகள் கீழே பாதியில் நிற்கின்றன. பத்து ஆண்டு ஞாயிற்றுக்கிழமை தமிழ் படித்த பதினாறு வயதுப் பெண், பள்ளியில் நான்காண்டு ஸ்பானியம் படித்து ஏ.பி. தேர்வில் கிரெடிட் வாங்குகிறாள். அவள் செய்வது சரியான கணக்கு. அந்தக் கணக்கில் தமிழுக்கு இடமில்லாமல் இருப்பது அவள் குற்றமன்று.

இத்தாலியர்கள் காட்டிய வழி நம்முன் இருக்கிறது: ஒரு பொதுப் பாடத்திட்டம், அதற்கு ஒரு தேர்வு, ஆண்டுதோறும் அதை எழுதப் போதுமான பிள்ளைகள், மதிப்பெண்ணை ஏற்பதாகக் கையெழுத்துப் போடும் சில பல்கலைக்கழகங்கள். கென்யன் கல்லூரித் தலைவர் தொடங்கியதும் பன்னிரண்டு கையெழுத்துகளோடுதான். தமிழ் கற்பிக்கும் பல்கலைக்கழகங்களை இங்கே எண்ணினால் அந்தத் தொகைக்கு அருகில் வந்துவிடலாம். எந்த மாநிலத்துத் தமிழ்ப்பள்ளி எந்தப் பல்கலைக்கழகத்தின் கதவை முதலில் தட்டப்போகிறது என்பதுதான் கேள்வி.